வீடு மூடியது, பட்டியல் நின்றது: அலபாமா பெண்கள் புகழ் மண்டபம், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே மாதம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேரியன் என்ற சின்ன ஊரில் இருந்த ஜட்சன் கல்லூரி இனிமேல் நடத்த முடியாது என்று அறிவித்தது. 1838-ல் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. உள்நாட்டுப் போர், 1930-களின் பெருமந்தம் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. கடைசியில் மாணவிகளின் எண்ணிக்கை 145-ல் வந்து நின்றது. அடுத்த கல்வியாண்டுக்கு வருவதாக உறுதி சொன்ன புதியவர்கள் 12 பேர்தான். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியும் ஓடாது. ஜூலை கடைசியோடு 183 வருடக் கதை முடிந்தது.

மாணவிகள் வேறு கல்லூரி பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வளாகத்தில் இன்னொரு குடித்தனமும் இருந்தது. பீன் ஹால் என்ற கட்டடம், ஒரு காலத்தில் கார்னகி நூலகமாக, அதாவது செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகியின் நன்கொடையில் கட்டிய நூலகமாக இருந்தது. அதற்குள் வெண்கலப் பட்டயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். சாதித்த பெண்களைக் கௌரவிக்கும் அலபாமா பெண்கள் புகழ் மண்டபம் ஐம்பது ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது. வீட்டுக்காரரே நொடித்துப்போனால் குடித்தனக்காரர் என்ன ஆவார்? இந்தக் கேள்வியோடுதான் நான் இந்த மண்டபத்தின் கதைக்குள் போனேன். பதில் 2021-ல் இல்லை, 1970-களில் எழுதி வைத்த விதிகளில் இருந்தது. இன்னொரு பழைய கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்தது: பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்து, கறுப்பின உரிமைப் போராட்டத்தின் முகமான ரோசா பார்க்ஸ் தன் சொந்த மாநிலத்தின் மண்டபத்துக்குள் வர ஏன் 2008 வரை ஆனது?

மண்டபம் வந்த வழி

ஹால் ஆஃப் ஃபேம் என்று இன்று கிரிக்கெட்டுக்கும் ராக் இசைக்கும் சொல்கிறோமே, அமெரிக்காவில் அதற்கு முன்மாதிரி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1900-ல் தொடங்கிய பெரிய அமெரிக்கர்களின் மண்டபம். குன்றின் மேல் வளைந்து போகும் தூண் வரிசை, இடையிடையே மார்பளவுச் சிலைகள். முதல் தேர்தலில் 29 பேர் தேர்வானார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் உள்ளே வர 1905 ஆனது. இறந்து குறைந்தது பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பிறகு அதையே இருபத்தைந்து ஆண்டாக ஏற்றினார்கள்.

அந்த வரிசையில் இடம் கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, தனியாக ஒரு வீடு கட்டிக்கொள்வது மேல் என்று பெண்கள் முடிவு செய்ய இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் போயின. 1848-ல் பெண்ணுரிமை மாநாடு நடந்த நியூயார்க் மாநிலத்துச் செனகா ஃபால்ஸில் 1969-ல் தேசியப் பெண்கள் புகழ் மண்டபம் உருவானது. அடுத்த ஆண்டே, 1970-ல், அலபாமா தனக்கென்று ஒன்றைத் தொடங்கியது. மாநில அளவில் தொடங்கியவற்றுள் இது மிக முந்தியது. பெண்ணுரிமைக்குப் பெயர்போன வடக்கு மாநிலங்கள் சும்மா இருக்க, அதுவும் தெற்கின் ஆழத்தில், பருத்தியும் அடிமை முறையும் ஊறிய பிளாக் பெல்ட் பகுதியில் ஒரு பாப்டிஸ்ட் கல்லூரி இதைச் செய்தது. எனக்கு இது இன்னமும் கொஞ்சம் வியப்புதான்.

விதிகள் எளிமையானவை. அந்தப் பெண் அலபாமாவில் பிறந்தவராகவோ அலபாமாவோடு நெருங்கிய தொடர்புள்ளவராகவோ இருக்க வேண்டும். இறந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 1971-ல் முதல் தொகுப்பு உள்ளே வந்தது. 1975-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு இதை மாநில அமைப்பாகவே ஆக்கியது. பதினோரு பேர் கொண்ட குழு, மூன்றாண்டுப் பதவிக்காலம். கலை, வணிகம், கல்வி, சட்டம், மருத்துவம், அரசியல், சமயம், அறிவியல் என்று துறைவாரியாக ஆள் இருக்க வேண்டும். மாநில ஆளுநருக்கும் ஜட்சன் கல்லூரித் தலைவருக்கும் குழுவில் வாக்கு இருந்தது. அமெரிக்க ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம்மூர் ராஜ்பவன்காரர் மாதிரி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1975-ல் அந்தச் சட்டத்தை யாரும் பெரிய விஷயமாக நினைத்திருக்க மாட்டார்கள். கல்லூரி இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, ஆண்டுக்கொரு விழா நடக்கிறது. அப்புறம் எதற்குச் சட்டம்?

இரண்டு ஆண்டு விதி

முதலில் அந்த இரண்டு ஆண்டு. உயிரோடு இருப்பவர்களைச் சேர்த்தால் வரும் தலைவலி எல்லோருக்கும் தெரியும். சிபாரிசு வரும், கட்சிக்காரர்கள் வருவார்கள், பட்டயம் மாட்டிய மறு ஆண்டே அந்த அம்மையார் ஏதாவது வழக்கில் சிக்குவார். இறந்தவரால் இனி ஒரு தவறும் செய்ய முடியாது. பிராங்ஸின் இருபத்தைந்து ஆண்டோடு பார்த்தால் இரண்டு ஆண்டு மிகவும் தாராளம். காகிதத்தில் இது குறை சொல்ல முடியாத விதி.

ரோசா பார்க்ஸை வைத்துப் பார்க்கும்போதுதான் இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது தெரிகிறது. 1913-ல் அலபாமாவின் டஸ்கீகியில் பிறந்தவர். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, மான்ட்கோமரி நகரில் தையல் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினார். வெள்ளைக்காரப் பயணிக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், கைதானார். 10 டாலர் அபராதம், 4 டாலர் நீதிமன்றச் செலவு. மொத்தம் 14 டாலர். அந்த 14 டாலருக்குப் பின்னால் 381 நாள் பஸ் புறக்கணிப்பு நடந்தது. அடுத்த மாதமே அவருக்கு வேலை போனது. மிரட்டல்கள் வேறு. பிழைக்க வழியில்லாமல் 1957-ல் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1965 முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸின் அலுவலகத்தில் வேலை.

1983-ல் மிச்சிகன் தன் பெண்கள் புகழ் மண்டபத்தைத் தொடங்கியபோது முதல் தொகுப்பிலேயே ரோசா பார்க்ஸ் பெயர் இருந்தது. அவருக்கு வயது 70. கான்யர்ஸ் அலுவலக வேலையில் இன்னமும் இருந்தார். மிச்சிகனில் வாழ்பவர்கள் ஒரு வரிசை, வரலாற்றில் வாழ்ந்தவர்கள் இன்னொரு வரிசை என்று இரண்டு வழி உண்டு. செனகா ஃபால்ஸின் தேசிய மண்டபம் 1993-ல் அவரைச் சேர்த்தது. அப்போதும் அவர் உயிரோடு இருந்தார். 2005 அக்டோபர் 24-ல் 92 வயதில் இறந்தார். வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தின் நடுக்கூடத்தில் அஞ்சலிக்காக உடல் வைக்கப்பட்ட முதல் பெண் அவர். அதற்கெல்லாம் பிறகு, 2008-ல், பிறந்த மாநிலத்தின் பெண்கள் புகழ் மண்டபத்தில் அவருக்குப் பட்டயம் ஏறியது.

அலபாமா அவரை ஒதுக்கிவிட்டது என்று இதை வைத்து வாதாடலாம். அது நியாயமில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், இரண்டு ஆண்டு முடிந்த கையோடு சேர்த்தார்கள். மாநிலத்தின் வேறொரு கௌரவப் பட்டியலில் 2000-லேயே அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று என்பதாலேயே அதன் பாரம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுந்துவிடவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஊர் தாங்கிப்பிடித்த பெண்ணுக்கு, இறந்த பின் ஒரு பட்டயம் கூடுதல் மாலை. ஊரைவிட்டே துரத்தப்பட்ட பெண்ணுக்கு, சொந்த மண்ணில் தன் பெயரைத் தானே பார்க்கும் வாய்ப்பு அது. அதைத்தான் விதி எடுத்துக்கொண்டது.

சரி, விதி அரசியலையாவது வெளியே நிறுத்தியதா? லர்லீன் வாலஸைப் பாருங்கள். அலபாமாவின் முதல் பெண் ஆளுநர். ஆனால் அந்தப் பதவிக்கு அவர் வந்த வழி வேறு. இனப் பிரிவினையின் குரலாக நாடறிந்த ஜார்ஜ் வாலஸ் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கச் சட்டம் இடம் தரவில்லை, அதனால் 1966-ல் மனைவியை நிறுத்தினார். லர்லீன் பெரிய வெற்றி பெற்றார், ஆட்சியை யார் நடத்துவார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1961-லேயே மருத்துவர் புற்றுநோய் அறிகுறியைக் கண்டு கணவரிடம் சொல்லியிருந்தார். லர்லீனிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவந்தது நான்கு ஆண்டுகள் கழித்து. பதவியேற்று ஒன்றரை ஆண்டுகூட முடியாமல், 1968 மே 7-ல், 41 வயதில் இறந்தார்.

1970-களின் தொடக்கத்திலேயே அவர் மண்டபத்துக்குள் வந்துவிட்டார். கணவர் அப்போது மீண்டும் ஆளுநர். இரண்டு ஆண்டு விதி இங்கே ஒன்றையும் தடுக்கவில்லை. அவர் பெயர் அங்கே இருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மனநலக் காப்பகங்களை நேரில் போய்ப் பார்த்து, அங்கிருந்த நிலையைக் கண்டு கண் கலங்கி, அவற்றுக்கு நிதி தேட முனைந்தவர் அவர். அது கணவர் சொல்லிச் செய்த வேலை இல்லை. தன் உடம்பைப் பற்றிய செய்தியைக்கூடத் தன்னிடம் சொல்லாத காலத்தில் ஆளுநரானவர். இந்த முழுக்கதையும் நாலு வரிப் பட்டயத்தில் அடங்காது.

குழந்தையிலேயே பார்வையும் செவியும் இழந்து, பின்னாளில் எழுத்தாளரான ஹெலன் கெல்லருக்கும் இதே தொல்லைதான், வேறு விதத்தில். 1971-ல் உள்ளே வந்தவர், டஸ்கம்பியாவில் பிறந்தவர், அலபாமாவின் செல்லப்பிள்ளை. 2003-ல் வெளியான அலபாமா கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் இருக்கிறது. 2009-ல் வாஷிங்டன் கேபிடலில் மாநிலத்தின் சார்பாக அவர் சிலையை வைத்தார்கள்: தண்ணீர் என்ற சொல்லை முதன்முதலில் புரிந்துகொண்ட குழாயருகே நிற்கும் சிறுமி. அந்தச் சிறுமி வளர்ந்து 87 வயது வரை வாழ்ந்தார். சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காக இயங்கிய சங்கத்துக்கு 1916-ல் 100 டாலர் அனுப்பி, கூடவே கடிதமும் எழுதி, சொந்த மாநிலத்து வெள்ளையர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். மாநிலம் சிலைக்கு எடுத்துக்கொண்டது குழாயருகே நின்ற சிறுமியைத்தான், வளர்ந்த பெண்ணை அல்ல. இறந்து இரண்டு ஆண்டு கழித்தாலும் இருபது ஆண்டு கழித்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

அதே ஊர்ப் பெண்

மேரியனுக்கு வடக்கே ஹைபர்கர் என்ற கிராமத்தில் 1927-ல் ஒரு பெண் பிறந்தார். அந்தப் பகுதியில் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ் இருந்தது, கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கறுப்பின மாணவர்களுக்கான லிங்கன் பள்ளி இருந்தது மேரியனில், வீட்டிலிருந்து 9 மைல். அப்புறம் பஸ் ஒன்று ஏற்பாடானபோது அதை ஓட்டியவர் அந்தப் பெண்ணின் அம்மா. 1945-ல் பள்ளியின் முதல் மாணவியாகத் தேறினாள். அதே ஊரில், அதே சமயம், நூறாண்டு கடந்த ஜட்சன் பெண்கள் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. அது வெள்ளையர்களுக்கு. இந்தப் பெண் மேற்படிப்புக்கு ஒஹாயோ மாநிலம் வரை போக வேண்டியிருந்தது.

கொரெட்டா ஸ்காட். 1953 ஜூன் 18-ல் ஹைபர்கரில் பெற்றோர் வீட்டு முற்றத்தில் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் அவருக்கும் கல்யாணம். கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற வாசகத்தை உறுதிமொழியிலிருந்து எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். அன்றிரவு தங்கக் கறுப்பினத்தவரைச் சேர்க்கும் ஓட்டல் கிடையாது. ஈமச்சடங்கு நிலையம் நடத்திய தெரிந்தவர் ஒருவர் அதே கட்டடத்தில் இடம் கொடுத்தார். முதலிரவு அங்கே கழிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1965 பிப்ரவரி 18-ல், மேரியன் தெருவில் வாக்குரிமை ஊர்வலத்தின்போது ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். எட்டு நாளில் ஜாக்சன் இறந்துபோனார். செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த புகழ்பெற்ற நடைப்பயணத்துக்கு அந்தச் சாவுதான் தீப்பொறி. ஐந்தே ஆண்டில் அதே ஊரில் பெண்கள் புகழ் மண்டபம் பிறக்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு மண்டபத்தின் முதல் ஆண்டுகள் மீது மரியாதையும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. மரியாதை, ஏனென்றால் 1972-லேயே மார்கரெட் மர்ரே வாஷிங்டனைச் சேர்த்தார்கள். டஸ்கீகியில் கறுப்பினப் பெண்களின் கல்விக்கு உழைத்தவர் அவர். எரிச்சலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கொரெட்டா 2006 ஜனவரியில் இறந்தார். 2009-ல் மண்டபத்தில் சேர்த்தார்கள். அவரால் மாணவியாகக் கால்வைக்க முடியாத கல்லூரி வளாகத்துக்குள் அவர் பட்டயம் போனது. பத்து மைல் தொலைவில் பிறந்தவர் அந்தக் கட்டடம் வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கல்லூரி விழுந்தபோது

இனி 2021. கல்லூரி திவால். சொத்துகளைக் கணக்கெடுக்கும் நேரத்தில், சுவரில் இருக்கும் வெண்கலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கட்டாயம் எழும். மண்டபம் கல்லூரியின் ஒரு திட்டமாக மட்டும் இருந்திருந்தால், நூலகப் புத்தகங்களோடும் நாற்காலிகளோடும் அதுவும் ஒரு வரியாகப் போயிருக்கும். 1975 சட்டத்தின் அருமை அப்போதுதான் புரிகிறது. கல்லூரி அதற்கு இடம் கொடுத்தவர், அவ்வளவுதான். அமைப்பு மாநிலத்தினுடையது, அதற்குத் தனிக் குழு, தனி விதி. கல்லூரித் தலைவர் நாற்காலி காலியானாலும் மற்றவர்கள் கூடிப் பேச முடியும்.

அரசு கையில் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒஹாயோ பெண்கள் புகழ் மண்டபத்தை 1978 முதல் ஒரு அரசுத் துறைதான் நடத்தியது. நானூறுக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். 2011-க்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவில்லை, திட்டமே நின்றுபோனது. கல்லூரி திவாலாகவில்லை, கட்டடம் இடியவில்லை. துறைக்குள் ஒரு திட்டமாக இருப்பது, சுவரில் ஆணி அடித்து மாட்டிய காலண்டர் மாதிரி. அடுத்து வருபவர் எடுத்துவிட்டால் போயிற்று. ஒஹாயோவும் அரசு, அலபாமாவும் அரசு. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, பொறுப்புக் கேட்கக்கூடிய ஒரு குழு அலபாமாவில் சட்டத்தாலேயே உட்கார்ந்திருந்தது. வேறுபாடு அதில்தான் என்பது என் கணிப்பு.

இந்த மண்டபங்களுக்குச் சொந்த வீடு அமைவதே அபூர்வம். தேசிய மண்டபம் 2020-ல் புகுந்தது செனகா ஃபால்ஸின் பழைய பின்னலாடை ஆலைக்குள். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் முன்னோடிப் பெண்களுக்கான மண்டபம் குடியேறியது ஒரு பழைய சிறைச்சாலையில். நூலகம், ஆலை, சிறை என்று யாரோ காலி செய்த இடங்களில்தான் பெண்களின் புகழ் குடியேறுகிறது. இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கட்டடத்தைப் பற்றி இருக்காது. இடம் கொடுத்தவர் போய்விட்டால் பட்டியல் யாரிடம் போகும், அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். அடுத்து, வாழ்பவர்களுக்கு மிச்சிகன் போல ஒரு தனி வரிசை வேண்டும். விழாவில் யாராவது ஒருவர் எழுந்து நின்று நன்றி சொல்லட்டுமே, என்ன கெட்டுவிடும்?

லிவிங்ஸ்டன்

மண்டபத்தை ஏற்க முன்வந்தது மேற்கு அலபாமா பல்கலைக்கழகம், சம்டர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) லிவிங்ஸ்டன் என்ற ஊர். இதைவிடப் பொருத்தமான இடத்தை யோசித்தும் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்தப் பல்கலைக்கழகம் பெண்கள் பள்ளியாக, பிறகு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாக இருந்த காலத்தில், 1881 முதல் 1910 வரை அதை வளர்த்தெடுத்தவர் ஜூலியா டட்வைலர். மண்டபத்தில் தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்ற பெயர். தன் மாணவிகளை அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டி 1890-களில் அந்தக் கதவைத் திறக்க வைத்தவர். மாநிலப் பாடலின் வரிகளை எழுதியவர். சிறைக் கைதிகளின் நிலைக்காக ஆயுள் முழுவதும் போராடியவர்.

அந்தக் கடைசி வேலைக்கு நன்றியாக, வெடம்ப்கா நகரில் 1942-ல் திறந்த பெண்கள் சிறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2014-ல் மத்திய நீதித்துறை அதே சிறையை ஆராய்ந்து, அங்கே கைதிப் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று அறிக்கை தந்தது. டட்வைலர் சிறை என்று தேடினால் வரும் செய்திகளில் அந்தம்மா யார் என்பதே தெரியாது.

ஆக, ஜூலியா டட்வைலர் தன் பள்ளிக்கே திரும்பி வந்துவிட்டார். மற்றவர்களுக்கும் கூரை கிடைத்துவிட்டது. இழந்தது மேரியன்தான். மேரியன் இருக்கும் பெர்ரி கவுண்டியில் ஒரு பள்ளிப் பிள்ளை தன் ஊர்ப் பெண் கொரெட்டாவுக்குக் கொடுத்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இனி கவுண்டி தாண்டிப் போக வேண்டும். அவர் அம்மா பஸ் ஓட்டிய 9 மைலைவிட அது பல மடங்கு தூரம்.